போடாத ஊசி

கண்ணு, இதை ஆபீசில் இரண்டு மீட்டிங்குக்கு நடுவே படிக்காதே. வீட்டுக்குப் போய், கைகால் கழுவி, உட்கார்ந்து படி. பாதியில் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் போன் போடு. பத்து நாளாக அம்மா பேசவில்லை என்று உன் பெண்டாட்டி கீர்த்தனாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்றுதான் பேசவில்லை. எழுதினால் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதும் இல்லை. நம் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போடப் போகிறேன். ஏன் என்று படிக்கப் படிக்க உனக்கே தெரியும்.

உன் மகள் இனியாவின் காதுகுத்துக்கு எல்லோரும் தாராபுரம் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போனோமே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். பத்திரிகை அடித்திருந்தாய், மண்டபம் பிடித்திருந்தாய். பதினோரு மாதக் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தலையைப் பிடித்துக்கொள்ள, ஆசாரி இரண்டு காதிலும் குத்தினார். குழந்தை மூச்சுப் பிடித்து அழுதது. நீ சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தாய். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அப்புறம் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த கீர்த்தனாவின் பெரியம்மா, அவர்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு மணல்வாரி போட்டிருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். மணல்வாரி, அதாவது தட்டம்மை. அந்த வார்த்தையைக் கேட்டதும் இலையை அப்படியே விட்டேன். எழுந்துபோய், ஒன்பதாம் மாத ஊசி போட்டாச்சா என்று கீர்த்தனாவைக் கேட்டேன். அவள் உன்னைப் பார்த்தாள். பையிலிருந்து தடுப்பூசி அட்டையை எடுக்கச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். பிறந்தபோது போட்டது இருந்தது. ஒன்றரை மாதத்தில் போட்டது இருந்தது. அதற்குக் கீழே ஒரு தேதியும் இல்லை, ஒரு கையெழுத்தும் இல்லை.

நீ வந்தாய். ஒன்றரை மாத ஊசிக்குக் குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்ததாம், அதோடு நீதான் நிறுத்தச் சொன்னாயாம். நான் திட்டத் திட்ட நீ பொறுமையாகத்தான் நின்றாய். கடைசியில் சொன்னாய்: "அக்காவுக்கு ஒரு ஊசியில ஆனது போதும்மா. எனக்கு நீங்க ஒண்ணும் போடல. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

உன் அக்கா சுமதி எதிரில்தான் நின்றிருந்தாள். நாம் பேசுவது அவளுக்குக் கேட்காது. ஆனால் உன் உதட்டை அவள் படிப்பாள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் அட்டையை மடித்துக் கீர்த்தனாவிடம் கொடுத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி, சாப்பிடாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். வழியெல்லாம் உன்மேல் கோபம். சிங்காநல்லூர் வந்து இறங்குவதற்குள் அந்தக் கோபம் என்மேல் திரும்பிவிட்டது. ஏன் தெரியுமா? நீ சொன்ன இரண்டு விஷயமும் பொய், கண்ணு. இரண்டையும் உனக்குச் சொல்லி வளர்த்தவள் நான்.

உன் அக்கா காது எப்படிப் போனது என்று இப்போது சொல்கிறேன். முழுசாகக் கேள். அப்போது நாங்கள் சிங்காநல்லூரில் லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் மில்லில் வேலை பார்த்தேன், உங்கப்பா லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். சுமதிக்கு முதல் ஊசிகள் போட்டபோது தொடை வீங்கிக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் கையை விட்டு இறங்கவில்லை. வேலைக்குப் போக முடியாமல் போய், மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினேன். பயமும் இருந்தது, சலிப்பும் இருந்தது. எது அதிகம் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்பதாம் மாத ஊசிக்கு நர்சம்மா வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் பொடக்காணிப் பக்கம் போய் ஒளிந்துகொண்டேன். அம்மா ஊட்டுக்குப் போயிட்டான்னு சொல்லுங்கக்கா என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். அந்த அம்மா வெயிலில் நடந்து மறுபடியும் இரண்டு தடவை வந்தார். மூன்றாவது தடவை கதவிடுக்கில் ஒரு சீட்டு எழுதிச் செருகிவிட்டுப் போனார். அதை எடுத்து அடுப்பில் போட்டேன். உங்கப்பா வேலை விட்டு வந்து, ஊசி போட்டாச்சா என்று கேட்டார். "போட்டாச்சுங்க" என்றேன். அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது.

அவளுக்கு மூன்றரை வயதில் மணல்வாரி வந்தது. நீ அப்போது என் வயிற்றில். உடம்பெல்லாம் சிவந்து, கண் திறக்க முடியாமல் கிடந்தாள். இரண்டாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று உங்கப்பா சொன்னார். அம்மை போட்டிருக்கும்போது பிள்ளையை வெளியே தூக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் தடுத்தேன். சாமி குற்றம் என்றெல்லாம் எனக்குப் பயம் இல்லை. ஆஸ்பத்திரியில் அட்டையைக் கேட்பார்களே என்ற பயம்தான். ஐந்தாம் நாள் இரண்டு காதிலும் சீழ் வந்தது. காய்ச்சல் தலைக்கேறி, கூப்பிட்டால் முழித்துப் பார்க்காமல் போனாள். அப்புறம்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டர் என்னைப் பார்த்து, மணல்வாரிக்கு ஊசி போட்டிருக்கீங்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கப்பா முந்திக்கொண்டு, "எல்லாம் போட்டாச்சுங்க, ஒண்ணு விடலீங்க" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதில் ஒரு பெருமை இருந்தது. நான் தலையாட்டினேன்.

காலையும் மாலையும் ஊசி போட்டார்கள். பிள்ளை பிழைத்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் மில் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் அவள் எங்கே இருந்தாலும் வாசலுக்கு ஓடுவாள், என்னை வேலைக்குத் துரத்துவாள். அன்றைக்குப் பாயில் உட்கார்ந்து புளியங்கொட்டையை அடுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. உங்கப்பா அவள் முதுகுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னதுதான் நம் குடும்பத்தில் இன்று வரை நிற்கிறது. ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிதான் பிள்ளையின் காதைக் கெடுத்துவிட்டது என்றார். அதற்கு முன்னால் நன்றாகக் கேட்டதே என்று கண்ணில் தண்ணீரோடு சொன்னார். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இல்லீங்க, காய்ச்சலும் சீழும்தான் காதைத் தின்னது, வராமல் தடுக்கிற ஊசியை நான் போடவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுகைக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

அப்புறம் கல்யாண வீடு, சாவு வீடு, நோம்பி என்று எங்கே சொந்தம் கூடினாலும் உங்கப்பா இந்தக் கதையைச் சொன்னார். ஒரு ஊசியில என் பிள்ளையோட காது போச்சுங்க என்பார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் காப்பி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விடுவேன். எத்தனை வீட்டில் அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைக்கு ஊசி போடாமல் விட்டார்களோ, எனக்குத் தெரியாது. குரூப்பில் போடப் போகிறேன் என்று சொன்னது இதற்குத்தான். பொய்யை எல்லோர் முன்னாலும் பேசவிட்டேன், உண்மையையும் எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். எனக்கு ஒண்ணும் போடல என்றாயே. சட்டையைக் கழற்றி உன் இடது புஜத்தைப் பார். வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். சின்ன வயதில் நீ கேட்டபோது, கொப்புளம் வந்த தழும்பு என்று சொன்னேன். ஊசித் தழும்பு அது. உனக்கு ஒன்று விடாமல் போட்டேன், கண்ணு. உங்கப்பா அதற்குள் உன்மேல் ஒரு ஊசி படக் கூடாது என்று சபதமே போட்டிருந்தார். அதனால் அவிநாசி கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பஸ் ஏறுவேன். தெரிந்தவர்கள் யாரும் வராத சுகாதார நிலையமாகப் பார்த்துப் போவேன். திரும்பும்போது மறக்காமல் நெற்றியில் விபூதி வைத்துக்கொள்வேன், உனக்கும் வைப்பேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் பல் முளைக்கிறது என்பேன். உன் அட்டையை எவர்சில்வர் தூக்குப்போசியில் போட்டு மேலடுக்கில் வைத்திருந்தேன், இன்றைக்கும் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு அதன் போட்டோவையும் அனுப்புகிறேன். நீ நல்லாத்தான் இருக்கிறாய். ஏன் நல்லா இருக்கிறாய் என்று இப்போதாவது தெரிந்துகொள்.

உங்கப்பாவையும் அந்தப் பொய் விடவில்லை. சர்க்கரை ஏறி, மாத்திரையெல்லாம் கேட்காமல் போனபோது, இன்சுலின் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். ஊசியா, என் பிள்ளையைக் கெடுத்தது போதும் என்று எழுந்து வந்துவிட்டார். நீ அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். அவர் பிடிவாதம் என்றுதான் நீ நினைத்தாய். அவர் காலில் புண் ஆறாமல் போய், கால் போய், ஆளே போன வரைக்கும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அப்போதும் சொல்லவில்லை. படுக்கையில் கிடக்கிற மனுசனிடம், நீங்கள் இத்தனை வருசம் கோபப்பட்டது தப்பான ஆள் மேல் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. நீ என்னை மன்னிப்பதாக இருந்தாலும் இதற்கு மட்டும் அவசரப்பட்டு மன்னிக்காதே.

மில் மூடிய பிறகு நான் என்ன வேலைக்குப் போனேன் என்பதாவது உனக்குச் சரியாகத் தெரியுமா? சர்வேக்குப் போறாங்க என்று உன் சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். குழந்தைகளின் ஆரோக்கியம் பற்றி ஒரு மருத்துவக் கல்லூரி நடத்திய ஆராய்ச்சியில் களப்பணியாளர் நான். வாரத்துக்கு ஒரு தடவை அதே வீடுகளுக்குப் போக வேண்டும். காய்ச்சல் இருந்ததா, வயிற்றுப்போக்கு இருந்ததா, ஊசி போட்ட பிறகு என்ன ஆச்சு என்று கேட்டு எழுத வேண்டும். ஊசி போட்டுக் காய்ச்சல் வந்தால் அதையும் எழுதினோம், வீக்கம் வந்தால் டேப் வைத்து அளந்து எழுதினோம். எதையும் மறைக்கவில்லை. நான் எழுதியது சரிதானா என்று பார்க்க, எனக்குத் தெரியாமல் இன்னொரு பெண் அதே வீட்டுக்குப் போய் மறுபடி கேட்பாள். ஒரு தேதி மாறியிருந்தால் அந்த வெயிலில் என்னைத் திருப்பி அனுப்புவார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா முதல் நாளே ஒன்று சொன்னார்: "ஊசி போட்டாச்சான்னு அம்மாவைக் கேட்டு எழுதாதீங்க. அட்டையைப் பார்த்து எழுதுங்க." எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

நீ எனக்கு அனுப்புகிற வீடியோவில் ஒருத்தர் பேசுகிறாரே, பின்னால் பாட்டெல்லாம் போட்டு, அவர் எத்தனை வீட்டுப் படி ஏறினார்? யார் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்? அவர் சொன்னதை யார் இரண்டாம் தடவை போய்ச் சரிபார்த்தார்கள்? நீ பம்பு கம்பெனியில் டிசைன் பார்க்கிறவன். ஒரு வாஷரை மாற்ற வேண்டும் என்றாலும் டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே என்று கேட்பாய். பெற்ற பிள்ளை விஷயத்தில் மட்டும், யாரோ பார்வர்டு செய்ததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். நீ படிக்காதவனாக இருந்தால்கூடப் பொறுத்துப்போவேன்.

அந்த வேலையில் இருக்கும்போது ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்குப் போனால், பொண்ணு ஊரில் இல்லீங்க என்றார் மாமியார். வாசலில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது, கொடியில் ஈரத் துணி சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பின்னால்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? நான் நின்ற இடம்தானே அது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள், இருபது இருபத்தொரு வயதிருக்கும். அவளிடம் கேள்வித் தாளை நீட்டவில்லை. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சுமதியின் கதையைச் சொன்னேன். அடுப்பில் போட்ட சீட்டிலிருந்து, டாக்டருக்கு நான் தலையாட்டியது வரை எல்லாம் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது அட்டையில் தேதி இருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், அதுவும் பொடக்காணியில் உட்கார்ந்து, சொல்ல முடிந்தது எனக்கு. என் வீட்டில், என் மக்களிடம் சொல்ல முடியவில்லை. இந்தக் கேவலத்தை எங்கே போய்ச் சொல்வது?

காதுகுத்து முடிந்து மூன்றாம் நாள் கீர்த்தனா போன் பண்ணினாள். அவளுக்கு ஊசி போட ஆரம்பத்திலிருந்தே மனசு உண்டு, உன் பேச்சை மீற முடியாமல்தான் இருந்திருக்கிறாள். "ஏனுங்க அத்தை, அவருக்குத் தெரியாம நாம ரெண்டு பேரும் கூட்டிட்டுப் போய்ப் போட்டுட்டு வந்தறலாமுங்களா?" என்றாள். சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம் தெரியுமா. குழந்தைக்கு ஊசி விழுந்துவிடும், உனக்கும் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் இப்படித்தானே உனக்குப் போட்டேன்? போட்டதன் பலன் உன் உடம்பில் இருக்கிறது, போடவில்லை என்ற பொய் உன் மண்டையில் இருக்கிறது. நாளைக்கு இனியாவும் வளர்ந்து, எனக்கு ஒண்ணும் போடல என்று தன் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பாள். வேண்டாம் அம்மணி, நான் அவங்கிட்டயே சொல்லிப்போடறேன் என்றேன். அவளைத் திட்டாதே. யோசனை அவளுடையது, பழக்கம் என்னுடையது.

உனக்கு முன்னால் சொல்ல வேண்டியது சுமதியிடம். ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் கறி வாங்கப் போயிருந்தார். கையால் சொல்ல ஆரம்பித்தேன், பாதிக்கு மேல் எனக்குச் சைகை தெரியவில்லை. அவளுடைய பையனின் ரப் நோட்டை எடுத்து எழுதிக் காட்டினேன். நிதானமாகப் படித்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள் இல்லையா, ஒரு தையல் விடாமல் பார்க்கிற அதே கண்ணால் படித்தாள். படித்துவிட்டு அடுக்களைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடியும் கழுவினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். அவள் நோட்டை வாங்கி ஒரே ஒரு வரி எழுதினாள்.

"காது போறதுக்கு முன்னால நான் என்ன பேசுவேன்?"

மூன்றரை வயது வரைக்கும் வாய் ஓயாமல் பேசிய பிள்ளை, கண்ணு. இத்தனை வருசத்தில் அதை ஒருத்தரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் எப்படிப் போச்சு என்று கேட்பாளே என்று நானும் சொல்லவில்லை. எனக்கு நினைவிருந்ததையெல்லாம் எழுதினேன். நாய்க்குட்டியை வாங்க போங்க என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். பருப்பு வேண்டாம் என்பதற்குப் பத்துக் காரணம் சொல்வாள். நீ என் வயிற்றில் இருந்தபோது, வயிற்றில் வாயை வைத்து, "தம்பி, நான் இங்கிருக்கறேன், வா" என்று கூப்பிடுவாள். அதை எழுதியதும் நோட்டை என் கையிலிருந்து வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரிந்த அவள் சத்தம் தொண்டையிலிருந்து வருகிற அந்தக் கரகரப்பு மட்டும்தான். அவளுடைய நல்ல குரலில் உன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அதை இப்போது உலகத்தில் நான் ஒருத்திதான் நினைவில் வைத்திருக்கிறேன், எனக்கும் அறுபது தாண்டிவிட்டது.

அன்றைக்கு என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை அவள். பஸ் ஏற்றிவிடவும் வரவில்லை. இரண்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. நேற்றைக்கு வீடியோவில் வந்தாள். என்னோடு சமாதானம் இல்லை, அது எப்போது ஆகும் என்று தெரியாது என்று கையால் சொன்னாள். எழுதப் போகிறேன் என்று நான் சொன்னதற்கு, எல்லோருக்கும் அனுப்பு, என் பேரைப் போட்டே அனுப்பு என்றாள். அப்புறம் உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள், அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்: "எனக்காகத்தான் தம்பி ஊசி வேண்டாங்கறான்னு எனக்குத் தெரியும். எனக்காகன்னா, போடச் சொல்லு."

வருகிற புதன்கிழமை சுகாதார நிலையத்தில் ஊசி போடுகிற நாள். சுமதி கம்பெனியில் லீவு சொல்லிவிட்டாள். விட்டுப்போன ஊசியையெல்லாம் எந்தக் கணக்கில் போடுவது என்று நர்சம்மா சொல்வார், கேட்டுக்கொள்ளலாம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நான் இரண்டு நாள் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறேன். காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் உன் வீட்டு வாசலில் நிற்போம். என்னைத் திட்டுவதற்கு உனக்கு நிறைய இருக்கும், ஒன்றையும் விடாதே. ஆனால் வாசலில் நிறுத்தித் திட்டாதே, கண்ணு. காரை எடு. போகிற வழியில் திட்டிக்கொண்டே வா.